கட்டபெட்டு வாக்குமூலம்

கட்டபெட்டு வளைவில் ஜீப் நின்றது.
"ரோடு தெரியுதா போஜா?"
"தெரியல சார்.
ஆனா தெரியும்" என்று
முதல் கியரைப் போட்டான்.

நான் ஸ்டேஷன் ரைட்டர்.
சொந்த ஊர் மானாமதுரை.
மலைக்கு வந்து இரண்டு வருஷம், ஸ்வெட்டரும் இரண்டு.
பேசுவதை எழுத்தாக்குவது என் வேலை.
'தெரியும்' என்று யார் சொன்னாலும்
என் பேனா 'அறிவேன்' என்றுதான் எழுதும்.
எனக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான் எழுதினார்,
பழைய கட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

பேக்டரி ஆபீஸ். ஒரு ஸ்டூல்.
தெய்வானை, வயது நாற்பத்தாறு, இலை வாட்டும் பிரிவு.
ஆறு வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவள்.
காணாமல் போனது பதினோரு மூட்டை டஸ்ட் தூள்,
கூடவே இரவு ஷிப்ட் குணரத்தினம்.

"அவனைத் தெரியுமா?"
"பத்தொன்பது வருஷமா எதிர்த் தொட்டியில நிக்கிறான்,
தெரியாம எப்படி?"
எழுதினேன்:
மேற்படி நபரை நான் நன்கு அறிவேன்.

படித்துக் காட்டுவது முறை. காட்டினேன்.
கையைத் தூக்கினாள்.
"அறிவேன்னு நான் சொல்லலீங்களே."
ரெண்டும் ஒண்ணுதாம்மா.
"இல்லீங்க. தெரியறதுக்கு நான் ஒண்ணும் பண்ணல.
அவன் நின்னான், தெரிஞ்சான்.
அறியணும்னா நான் போயிருக்கணும்,
என்னப்பான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அப்புறம் யாரும் கேட்காமலே சொன்னாள்:
"இலை எப்போ பதத்துக்கு வரும்னு எனக்குத் தெரியும்.
ஏன்னு புரியாது.
சூப்பர்வைசருக்கு ஏன்னு நல்லாப் புரியும்,
எப்போன்னுதான் தெரியாது."
கதவோரம் நின்ற சூப்பர்வைசர்
போன் வந்ததுபோல் வெளியே போனார்.

இன்ஸ்பெக்டர் டீயை உறிஞ்சினார். நான் தொடர்ந்தேன்:
'மேற்படி குணரத்தினம் குற்றம் புரிந்த அன்று'
"புரிஞ்சான்னா?"
செஞ்சான்னு அர்த்தம்.
"செஞ்சாலும் புரிஞ்சான்தானா?"
கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள்.
"அப்ப, அவன் செஞ்சது எனக்குப் புரிஞ்சுதுன்னு வச்சுக்குங்க,
அது எந்தப் பிரிவுல வரும்?"

கோப்பை மேஜைக்கு வந்தது, சத்தத்தோடு.
"விளங்குற மாதிரி பேசும்மா."
"எங்கம்மா சொல்லு அது.
வெளங்கிச்சா வெளங்கிச்சான்னு
சோறு போடறப்பகூடக் கேக்கும்."
எங்கள் பக்கம் விளங்குவது என்றால் உருப்படுவது.
'நீ விளங்கவே மாட்டே' என்று
பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்
எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பதை
அந்த ஆபீஸில் உட்கார்ந்து யோசிக்க முடியாது.

பக்கத்து ஹாலில் காற்றாடிகள் ஓடின.
வாடும் இலைக்குப் பழ வாசனை உண்டென்று
கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கும்
கேள்விப்பட்டதோடு சரி.

அவள் மடியில் ஒரு குரங்குக் குல்லா இருந்தது,
சாம்பல் நிறம்,
அவள் தலைக்குப் பெரியது.
மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.
பார்த்தேன். எழுதவில்லை.
உணர்ந்ததை நிரப்ப
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

கடைசிக் கேள்வி.
"இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா?"
அவரைப் பார்க்கவில்லை, என்னையும்.
ஜன்னலைப் பார்த்தாள்.
மலை இல்லை. தேயிலைச் சரிவு இல்லை.
கீழே லைன் வீடுகள், சில்வர் ஓக், எதிர்ப் பள்ளத்துக் கோயில்
ஒன்றும் இல்லை.
கண்ணாடியில் வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது.
"தெரியல" என்றாள்.
அது பொய்யில்லை.

எழுதினேன்: அறியேன்.
படித்துக் காட்டினேன்.
இந்த முறை கை எழவில்லை.
நாலு எழுத்தையும் தனித்தனியாக,
ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததுபோல் போட்டுவிட்டு
பேனாவை மூடித் தந்தாள்.

திரும்பும்போது போஜன் கேட்டான்,
"ஏதாவது தெரிஞ்சுதா சார்?"
பள்ளத்தில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது,
மேலே வருகிறதா, இறங்குகிறதா...
வைப்பரைப் போடுப்பா என்றேன்.